எந்த வரியில் நின்றாய்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணை இன்னமும் பாப்பா என்று எழுதலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். வேறு பெயர் எனக்குக் கையில் வரவில்லை.

நேற்று ராத்திரி உன் அப்பா போன் பண்ணினான். காலாண்டுத் தேர்வில் வேதியியலில் 70-க்கு 19 என்றான். தெருமுனை வீட்டுப் பையன் போகிற டியூஷனில் உன்னையும் சேர்த்துவிடட்டுமா அக்கா, விடிகாலை ஐந்தரை மணி பேட்ச், அறுபது பிள்ளைகள் படிக்கிறார்கள், நல்ல பேர் இருக்கிறது என்றான். பிறகு போனை உன்னிடம் கொடுத்தான். நீ பேசியது இரண்டே வாக்கியம். "எனக்கு கெமிஸ்ட்ரி வராது அத்தை. காமர்ஸ் குரூப்புக்கு மாறிக்கிறேன்." அதற்கு மேல் உனக்குக் குரல் எழும்பவில்லை.

முப்பத்தொரு வருஷம் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இந்தப் பாடத்தைத்தான் நடத்தினேன். நீ சொன்னதை எத்தனையோ பிள்ளைகள் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிசையும். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வேதியியல் வராமல் இல்லை. எங்கேயோ ஒரு வரி விட்டுப்போயிருக்கும். அதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லாமல் அதற்கு மேலே பாடம் ஏறிக்கொண்டே போயிருக்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மொத்தப் புத்தகமும் இருட்டாகத் தெரியும்.

சைக்கிள் டயர் இறங்கிப் போனால் கடைக்காரர் என்ன செய்கிறார்? ட்யூபை வெளியே உருவி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிக்கொண்டே வருவார். குமிழி வருகிற இடத்தில் விரலை வைப்பார். அந்த இடத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் உரசுவதும் ஒட்டுப் போடுவதும். இடம் தெரியாமல் ட்யூப் முழுக்க ஒட்டுப் போடுகிறவர் யாரும் கிடையாது. "கெமிஸ்ட்ரி வராது" என்று நீ சொல்வது, டயர் இறங்கிவிட்டது என்று மட்டும் சொல்வது. எனக்குக் குமிழி எங்கே வருகிறது என்று தெரிய வேண்டும். அதனால்தான் காலையில் உன் விடைத்தாளை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன்.

பார்த்தேன். இரண்டு தடவை நிதானமாகப் பார்த்தேன். ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். 8.4 கிராம் சோடியம் பைகார்பனேட்டை முழுமையாகச் சூடுபடுத்தினால் எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், திட்ட வெப்ப அழுத்த நிலையில் அதன் கனஅளவு என்ன என்று கேட்டிருக்கிறார்கள். நீ 4.4 கிராம், 2.24 லிட்டர் என்று எழுதியிருக்கிறாய். விடை தவறு, சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு பூஜ்யம். நீ அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு நோட்டை மூடியிருப்பாய்.

நான் வரிவரியாகப் பார்க்கிறேன், வா. முதல் வரியில் சமன்பாடு: இரண்டு மூலக்கூறு சோடியம் பைகார்பனேட் சூடாகி, ஒரு சோடியம் கார்பனேட், ஒரு நீர், ஒரு கார்பன் டை ஆக்சைடு. சரியாகச் சமன் செய்திருக்கிறாய். இதையே தப்பாக எழுதுகிற பிள்ளைகள் வகுப்பில் பாதி இருப்பார்கள். இரண்டாவது வரியில் மோலார் நிறை 84. அதுவும் சரி. மூன்றாவது வரியில் 8.4-ஐ 84-ஆல் வகுத்து 0.1 மோல். சரி. நான்காவது வரி: "ஆகவே கார்பன் டை ஆக்சைடு 0.1 மோல்." இங்கேதான் குமிழி. சமன்பாட்டின் தலையில் நீயே எழுதிய அந்த இரண்டை, மூன்று வரி தாண்டியதும் மறந்துவிட்டாய். இரண்டு மோல் சோடா கொடுத்தால்தான் ஒரு மோல் வாயு. 0.1 மோல் கொடுத்தால் 0.05 தான் வரும். 2.2 கிராம், 1.12 லிட்டர். அவ்வளவுதான் நீ செய்த தவறு. அதற்குப் பிறகு 44-ஆல் பெருக்கியதும் 22.4-ஆல் பெருக்கியதும் ஒரு பிசகும் இல்லாமல் இருக்கின்றன.

இன்னும் மூன்று கணக்குகள் பார்த்தேன். மூன்றிலும் அதே இடம், அதே நான்காவது வரி. பாப்பா, உனக்கு வராதது வேதியியல் இல்லை. சமன்பாட்டின் முன்னால் நிற்கிற எண் எதற்காக நிற்கிறது என்பது ஒன்று மட்டும்தான் உனக்கு யாரும் கையைப் பிடித்துக் காட்டாமல் போயிருக்கிறது.

இதிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. நீ எழுதிய கணக்குப்படியே எல்லாப் பொருளும் 0.1 மோல் என்று வைத்துக்கொள். சோடியம் கார்பனேட் 10.6 கிராம், நீர் 1.8 கிராம், கார்பன் டை ஆக்சைடு 4.4 கிராம். கூட்டிப் பார். 16.8. உள்ளே போட்டது 8.4 கிராம், வெளியே வந்தது சரியாக இரண்டு மடங்கு. அடுப்பில் வைத்த சாமான் இரண்டு மடங்காகுமா? இப்போது திருத்திய கணக்கைக் கூட்டு: 5.3, 0.9, 2.2. மொத்தம் 8.4. போட்டது அப்படியே வந்துவிட்டது. விடையைச் சரிபார்க்க வாத்தியாரும் வேண்டாம், கைடும் வேண்டாம். இந்த ஒரு கூட்டல் போதும். நான் வகுப்பில் முதன்முதலாக இதைச் செய்து காட்டிய வருஷம், பின் பெஞ்சில் ஒரு பையன் எழுந்து நின்று, "அப்ப நாங்களே திருத்திக்கலாமா டீச்சர்?" என்று கேட்டான். அவன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இரண்டு என்று சொன்னேன் அல்லவா, அதில் நீ மட்டும் தடுக்கி விழவில்லை. 1811-இல் அவகாட்ரோ என்ற இத்தாலியர், ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் சம கனஅளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று எழுதினார். ஏறக்குறைய ஐம்பது வருஷம் அதைப் பெரும்பாலோர் சட்டை செய்யவில்லை. அந்த ஐம்பது வருஷமும் வேதியியல் அறிஞர்கள் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனுக்கு ஒரு ஆக்சிஜன் என்று எடுத்துக்கொண்டவர்களுக்கு ஆக்சிஜனின் எடை 8 வந்தது. இரண்டு ஹைட்ரஜன் என்று எடுத்துக்கொண்டவர்களுக்கு 16 வந்தது. எட்டா, பதினாறா? நீ தவறவிட்ட அதே இரண்டு மடங்கு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்தால் விளங்காது என்கிற நிலை வந்து, 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட வேதியியலாளர்கள் கூடிப் பேசினார்கள். மூன்று நாள் பேசியும் முடிவு எட்டவில்லை. கலைகிற நேரத்தில் ஒரு சின்னப் பிரசுரத்தைக் கையில் கொடுத்தார்கள். எழுதியவர் கன்னிசாரோ. ஜெனோவா நகரில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைத் தான் எப்படிப் படிப்படியாக நடத்துகிறேன் என்று 1858-இல் இன்னொரு பேராசிரியருக்கு எழுதிய கடிதம் அது. அவகாட்ரோ சொன்னதை எடுத்துக்கொண்டு, எந்த வரிக்குப் பின் எந்த வரி என்று ஒழுங்காக வைத்திருந்தார். அதைப் படித்தவர்களுக்குத் தெளிந்தது. அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த மெண்டலீவ்தான் ஒன்பது வருஷம் கழித்து, 1869-இல், ஆவர்த்தன அட்டவணையைக் கொடுத்தார். அதுவும் மாணவர்களுக்காகப் பாடநூல் எழுதிக்கொண்டிருக்கும்போது அமைந்தது. அவகாட்ரோ இதையெல்லாம் பார்க்கவில்லை, 1856-இலேயே இறந்துவிட்டார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், உன் புத்தகத்தில் முதல் பாடத்தில் நான்கு பக்கத்தில் முடிந்துவிடுகிற விஷயம், உலகத்தின் பெரிய மூளைகளை அரை நூற்றாண்டு அலைக்கழித்தது. உனக்கு மூன்று மாதம் பிடித்தால் அது உன் குறை ஆகாது. அவர்களுக்கும் வழிகாட்டியது, வகுப்புக்காக ஒருவர் வரிவரியாக எழுதிய குறிப்பு.

சரி, வீட்டுப்பாடத்துக்கு வருகிறேன். உன் நோட்டையும் படம் எடுத்து அனுப்பியிருந்தாயே. அழகான கையெழுத்து. ஒரு அடித்தல் கிடையாது. ஒரு கணக்கு விடாமல் எல்லாம் முடிந்திருக்கிறது. எல்லா விடையும் சரி. அந்த நோட்டைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை வந்தது. வீட்டில் அத்தனையும் சரியாகப் போட்ட பிள்ளை பரீட்சையில் நான்காவது வரியில் எப்படி நிற்கும்? நீ கைடைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். திட்டவில்லை, கண்ணு. ராத்திரி பத்து மணிக்கு இன்னும் இரண்டு பாட வேலை பாக்கி இருக்கும்போது, நாளைக்கு வெறும் நோட்டோடு போய் நிற்க முடியாது என்ற பயத்தில் செய்வது. எனக்குத் தெரியும். ஆனால் அந்த நோட்டு உன் ஓட்டையை உன்னிடமிருந்தே மறைத்துவிட்டது. உன் டீச்சரிடமிருந்தும் மறைத்துவிட்டது. அவர் பார்த்துக் கையெழுத்துப் போடும்போது, இந்தப் பெண்ணுக்கு எல்லாம் புரிகிறது என்றுதானே நினைத்திருப்பார்?

என்னிடம் ஒரு பெண் படித்தாள். அப்பா தீப்பெட்டி ஆபீசில் வேலை. அவளும் லீவு நாளில் பெட்டி ஒட்டப் போவாள். அவள் நோட்டு பார்க்க அலங்கோலமாக இருக்கும். பாதிக் கணக்கு அரைகுறை. ஆனால் எங்கே நின்றாளோ அங்கே ஒரு கோடு போட்டு, "இதுக்கு மேல போகலை" என்று எழுதியிருப்பாள். இடைவேளையில் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்பாள். "டீச்சர், இந்த வரி வரைக்கும் வருது. அடுத்தது எப்படி வந்துச்சு?" அவ்வளவுதான் கேட்பாள். எனக்கு இரண்டு நிமிஷ வேலை. மற்றப் பிள்ளைகள் வந்து, "டீச்சர், மோல் கான்செப்ட் புரியலை" என்பார்கள். மோல் கான்செப்ட்டை வாசலில் நின்று எப்படி நடத்த முடியும்? மறுபடி முதலிலிருந்து சொல்வேன், அவர்களும் தலையை ஆட்டுவார்கள், மணி அடித்துவிடும். அந்தப் பெண் மட்டும் கேட்டது கிடைத்துப் போவாள். எனக்குத் தெரிந்து உதவி கேட்கிற விதம் இது ஒன்றுதான்.

நீயும் அப்படிச் செய்துபார். அன்றைக்கு நடத்திய கணக்கை அன்றைக்கே எடு. வகுப்பில் போட்ட மாதிரிக் கணக்கை ஒரு தடவை படித்துவிட்டு மூடி வை. மூடி வைத்துவிட்டு அதே கணக்கை வெறும் தாளில் நீயே போடு. பார்த்த கணக்குத்தானே என்று தோன்றும். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். நின்றால் இருபது நிமிஷம் போராடு. அதற்கு மேல் வேண்டாம், வெறுப்புதான் மிஞ்சும். நின்ற வரியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வை. அந்தக் கடைசிப் பக்கம்தான் உன் சொத்து. முன்பக்கத்தை டீச்சருக்காக எழுது. கடைசிப் பக்கத்தை உனக்காக எழுது. அடித்தல் திருத்தல் இருக்கட்டும். ரப்பர் போட்டு அழிக்காதே. தப்பு கண்ணுக்குத் தெரிந்தால்தான் அடுத்த வாரம் அதே தப்பு வரும்போது, "அட, இது பழைய ஆள்" என்று உனக்குத் தெரியும்.

கடைசிப் பக்கத்தில் சேருகிற வரிகளைப் பார்த்தால் பாதி பழைய பாக்கியாக இருக்கும். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் "அணுக்களும் மூலக்கூறுகளும்" என்று ஒரு பாடம் இருக்கிறது. அதைப் பரணிலிருந்து இறக்கு. மோல் அங்கேயே வந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் ஐந்து பாடத்துக்கு நடுவே அது ஓடிப்போயிருக்கும். இணைதிறன் அதற்கும் முன்னாலேயே வந்தது. பத்தின் அடுக்குகளைப் பெருக்குவது வகுப்பது கணக்குப் பாடத்து விஷயம், 6.022 பெருக்கல் 10-இன் அடுக்கு 23 என்ற எண்ணைக் கண்டு பயப்படுகிற பிள்ளைகளுக்குப் பல சமயம் அந்த 23 தான் சிக்கல், அணு சிக்கல் இல்லை. பின்னால் போய்ப் படிப்பதில் வெட்கமே வேண்டாம். யாரும் பார்க்கப் போவதில்லை. ஒரு சனி ஞாயிறு போதும்.

இவ்வளவு பெரிய எண் எதற்கு என்று நீ சின்ன வயதில் என்னிடம் கேட்டது நினைவிருக்கிறதா? இரும்புக்கடையில் ஆணி வாங்கும்போது யாராவது எண்ணித் தருகிறார்களா? கால் கிலோ போடு என்கிறோம். ஒன்றரை அங்குல ஆணி கால் கிலோவில் எத்தனை இருக்கும் என்பது அனுபவப்பட்ட ஆசாரிக்குத் தெரியும். எண்ண முடியாததை நிறுத்து எண்ணுகிறோம். மோல் அதேதான். ஒரு டம்ளரில் 180 மில்லி தண்ணீர் பிடித்தால் அது 180 கிராம். 18-ஆல் வகுத்தால் 10 மோல். எண்ணியும் முடியாத மூலக்கூறுகளை ஒரு தராசு எண்ணிக் கொடுத்துவிட்டது. 2019 மே 20 முதல் மோல் என்பது 6.02214076 பெருக்கல் 10-இன் அடுக்கு 23 என்று உலகம் முழுக்க அச்சாக நிர்ணயித்துவிட்டார்கள். டஜன் என்றால் பன்னிரண்டு என்பது போல, இது ஓர் எண்ணிக்கை. வேறு மர்மம் இல்லை.

உன் சிரமத்தில் இன்னொரு பங்கு இருக்கிறது. அதை நீ சொல்லவில்லை, நானாகப் புரிந்துகொண்டேன். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழி. இப்போது திடீரென்று இங்கிலீஷ் மீடியம். கேள்வியே பாதி புரியாமல் விடை எழுதியிருக்கிறாய். ஒரு இரண்டு மார்க் கேள்வியில் வீழ்படிவைக் கேட்டிருக்கிறார்கள், நீ கரைசலைப் பற்றி எழுதியிருக்கிறாய். பிரெசிபிடேட் என்ற சொல் உனக்குப் புதிது. வீழ்படிவு உனக்குத் தெரியும். விழுந்து படிவது. சோதனைக் குழாயில் வெள்ளையாகத் திரண்டு கீழே இறங்குகிறதே, அதைப் பார்த்துக்கொண்டே வைத்த பெயர் மாதிரி இருக்கும் அது. கரைப்பான், கரைபொருள், கரைசல் என்ற மூன்றையும் தமிழில் படித்தவளுக்கு எது எதைக் கரைக்கிறது என்று விளக்கவே வேண்டாம். இணைதிறன் என்றால் இணைகிற திறன். வேலன்சி என்று மட்டும் படித்த பிள்ளைக்கு அந்தச் சொல்லில் ஒன்றும் கேட்காது. இதையெல்லாம் விட்டுவிட்டு வந்ததாக நினைக்காதே. புத்தக ஓரத்தில் பென்சிலால் தமிழ்ச் சொல்லை எழுதிக்கொண்டே வா. பதினோராம் வகுப்பு வேதியியல் தமிழ் வழிப் புத்தகத்தையும் இரவல் வாங்கி வைத்துக்கொள்; பாடநூல் கழகத்தின் இணையதளத்திலும் கிடைக்கிறது. இங்கிலீஷில் ஒரு பத்தி இடறினால் தமிழில் அதே பத்தியைப் படித்துவிட்டுத் திரும்பி வா. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்த சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர், வேதியியலையும் தமிழில் கொண்டுவர வேண்டும் என்று பாடுபட்டார்; அதனால் "கெமிஸ்தம்" என்ற நூல் 1875-இலேயே அச்சாகிவிட்டது. தமிழில் வேதியியல் படிப்பதற்கு அவ்வளவு காலத்துப் பின்னணி இருக்கிறது. கூச்சப்பட ஒன்றுமில்லை.

இனி டியூஷன். உன் அப்பாவுக்கும் சேர்த்து எழுதுகிறேன், படித்துக் காட்டு.

டியூஷனே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்கு யாராவது ஒருவர் வேண்டும். ஆனால் விடிகாலை ஐந்தரைக்கு அறுபது பேரோடு உட்கார்ந்து உனக்கு என்ன கிடைக்கும் என்று பார். பள்ளியில் அறுபது பேர் நடுவே கேட்க முடியாத கேள்வியை அங்கே மட்டும் கேட்டுவிடுவாயா? அங்கே போர்டில் கணக்குப் போடுவார்கள், நீ எழுதிக்கொள்வாய். பிறகு அங்கே ஒரு வீட்டுப்பாடம், இங்கே ஒரு வீட்டுப்பாடம். இரண்டையும் முடிக்க மறுபடி கைடு. நாலரை மணிக்கு எழுந்த பிள்ளை பள்ளியில் மூன்றாவது பீரியடில் கண் செருகி உட்கார்ந்திருப்பதை நான் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். இன்னொரு கேடும் உண்டு. "டியூஷன்ல பாத்துக்கலாம்" என்ற நினைப்பு வந்துவிட்டால் பள்ளிக்கூடத்து வகுப்பில் காது மூடிக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் உட்காருகிற இடத்தை வீணாக்கிவிட்டு ஒரு மணி நேரத்தில் எதைப் பிடிக்க முடியும்?

போவதென்றால், சேர்வதற்கு முன் நான்கு நாள் போய் உட்கார்ந்து பார். சொல்லிக்கொடுப்பவர் உன்னைக் கணக்குப் போடச் சொல்கிறாரா, போடும்போது உன் தாளைப் பார்க்கிறாரா, நின்ற இடத்தில் "ஏன் இங்கே நின்றாய்?" என்று கேட்கிறாரா? கேட்டால், எட்டுப் பேர் படிக்கிற சின்ன இடமாக இருந்தாலும் அங்கே சேர். பெயர் பெற்ற இடமா என்று பார்க்காதே.

அதற்கு முன், காசில்லாமல் கிடைக்கிற உதவியை முதலில் வாங்கு. உன் வேதியியல் டீச்சரிடம் கடைசிப் பக்கத்தோடு போ. வேலை நெருக்கடியில் ஒரு நாள் சள்ளென்று விழலாம். நான் படித்த காலத்தில் ஓர் ஆசிரியர், "இதுகூடத் தெரியாமல் எப்படி இந்த குரூப்புக்கு வந்தாய்?" என்று வகுப்பு முழுக்கப் பார்க்கக் கேட்டார். ஒரு மாதம் நான் வாயே திறக்கவில்லை. அந்த ஒரு மாதத்தில் போனது யாருடைய பாடம்? என்னுடையது. அதனால் சொல்கிறேன், ஒரு தடவை கடிந்துகொண்டால் மறுநாள் மறுபடி போ. பிளஸ் டூ படிக்கிற அக்காமாரைக் கேள். போன வருஷம் அதே வரியில் நின்றவர்கள் என்பதால் அவர்களுக்கு நம்மைவிட நன்றாகச் சொல்லத் தெரியும். உன் பெஞ்சுக்காரிக்குப் புரியாததை நீ சொல்லிக்கொடு. சொல்லிக்கொடுக்கும்போது நாக்கு எங்கே தடுமாறுகிறதோ, அது உன் கடைசிப் பக்கத்துக்கு இன்னொரு வரி.

போனில் கணக்கைப் படம் பிடித்தால் விடை வந்துவிடுகிறது என்கிறார்கள். பார்த்தேன், வரத்தான் செய்கிறது. பார்க்காதே என்று சொன்னால் நீ கேட்கப் போவதில்லை. ஒன்று மட்டும் செய்: நீ நின்ற வரி வரைக்கும் திரையை இறக்கி, மீதியைக் கையால் மறைத்துக்கொள். அடுத்த ஒரு வரியை மட்டும் பார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீதியை நீ போடு.

குரூப் மாறுவது பற்றிச் சொன்னாய். காமர்ஸ் பிடித்திருந்தால் தாராளமாகப் போ, நல்ல படிப்பு. ஆனால் இந்த 19-ஐப் பார்த்துப் பயந்து போகாதே. அக்கவுண்டன்சியிலும் இரண்டு பக்கமும் கூட்டினால் சமமாக வர வேண்டும்; நான்காவது வரியில் நிற்கிற பழக்கம் உன்னோடு அங்கேயும் வரும்.

இன்று காலையில் போனை வைக்கும்போது, "பிராக்டிகல் மட்டும் பிடிக்குது" என்று மெல்ல ஒரு வார்த்தை சொன்னாய். அதை நான் பிடித்துக்கொண்டேன். அடுத்த வருஷத்துக்குள் பெர்மாங்கனேட் தரம்பார்த்தல் உன் கைக்கு வரும் என்று நினைக்கிறேன். கூம்புக்குடுவையில் ஆக்சாலிக் அமிலம், அதோடு நீர்த்த கந்தக அமிலம். கை பொறுக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே, 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கிக்கொள்ள வேண்டும். பியூரெட்டில் ஊதாநிறப் பெர்மாங்கனேட். நிறம் அடர்த்தியாக இருப்பதால் கீழ் வளைவு தெரியாது. மேல் மட்டத்தைத்தான் படிக்க வேண்டும். முதல் சொட்டு விழுந்ததும் இளஞ்சிவப்பு அப்படியே நிற்கும். குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருப்பாய், போகவே போகாது. எதையோ தப்பாக ஊற்றிவிட்டோம் என்று பிள்ளைகள் பயந்து என்னைக் கூப்பிடுவார்கள். சும்மா சுழற்றிக்கொண்டே இரு என்பேன். மெல்ல நிறம் போகும். அடுத்த சொட்டு கொஞ்சம் வேகமாகப் போகும். பிறகு விழ விழ மறையும். வினையில் உண்டாகிற மாங்கனீஸ் அயனிகளே அந்த வினைக்கு ஊக்கியாகி வேகப்படுத்துகின்றன. ஆரம்பத்தில் அவை குடுவையில் இருக்காது, அதனால்தான் முதல் சொட்டுக்கு அவ்வளவு நேரம். கடைசியில் ஒரே ஒரு சொட்டில் மங்கலான இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும். அங்கே குழாயை மூட வேண்டும். பிப்பெட்டை வாயால் உறிஞ்சாதே, ரப்பர் குமிழ் கேட்டு வாங்கு; ஆக்சாலிக் அமிலம் விஷம்.

அந்த அளவைக் கொண்டு கணக்குப் போடும்போது, பெர்மாங்கனேட்டுக்கும் ஆக்சாலிக் அமிலத்துக்கும் உள்ள விகிதம் இரண்டுக்கு ஐந்து. பார்த்தாயா, மறுபடி சமன்பாட்டின் முன்னால் நிற்கிற எண். உனக்குப் பிடித்த பிராக்டிகலுக்கு உள்ளேயே உன் நான்காவது வரி உட்கார்ந்திருக்கிறது.

தீபாவளிக்கு இங்கே வருகிறாய் அல்லவா? பலகாரம் முடிந்த பிறகு அடுப்பை நமக்காக ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். கடையில் சமையல் சோடா வாங்கி வைத்துவிட்டேன். பொட்டலத்தில் வேறு எதுவும் கலக்காத சோடியம் பைகார்பனேட் என்று பார்த்துத்தான் வாங்கினேன். சமையலறைத் தராசில் 84 கிராம் நிறுப்போம். ஒரு மோல். பழைய இரும்பு வாணலியில் கொட்டி, சின்னத் தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே இருப்போம். பொடி கொதிக்கிற மாதிரி அசைந்து குமிழிவிடும். நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அதன் வழியாகத்தான் வெளியேறுகின்றன. அசைவு அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் வைத்திருந்து, ஆறவிட்டு, திரும்ப நிறுப்போம். மிஞ்சுவது சோடியம் கார்பனேட், கையால் தொடாதே. ஆனால் தராசில் வைக்கிறதுக்கு முன்னால் எத்தனை கிராம் காட்டும் என்று நீ ஒரு தாளில் எழுதி என் கையில் மடித்துக் கொடுக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் புத்தகத்தையும், கடைசிப் பக்கம் எழுதிய நோட்டையும் பையில் வைக்க மறக்காதே. உன் அப்பாவிடம், டியூஷனுக்கு முன்பணம் எதுவும் இப்போதைக்குக் கட்ட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
அத்தை